குலுங்குகிற வீடு: பழைய டிராவலரை வீட்டு வண்டியாக்கிய கணக்கு

திருச்செங்கோட்டுக்காரனுக்கு வண்டியில் குடியிருப்பது புது சங்கதி இல்லை. இங்கிருந்து ஆழ்துளைக் கிணறு போர் போடக் கிளம்பும் ரிக் வண்டியோடு ஒரு சப்போர்ட் லாரியும் போகும். பைப்பு, டீசல், தண்ணி டேங்க், அரிசி மூட்டை, அடுப்பு, சமையல்காரர், ஆளுக்கொரு பாய் எல்லாம் அதில்தான். ராஜஸ்தானோ சத்தீஸ்கரோ, மாசக்கணக்கில் அந்த லாரிதான் வீடு. என் மாமா, அம்மாவின் தம்பி, இருபத்திரண்டு வருசம் அப்படி இருந்தவர். நான் கேரவன் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏஞ்சாமி, காசு குடுத்துட்டா லாரில படுக்கப் போறே?"

எனக்கு லேத் பட்டறை. பவர்லூமுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் கடைசல் பிடிப்பதுதான் தொழில். போல்ட், வெல்டிங், அளவு எல்லாம் தெரியும் என்ற தைரியம் நிறைய உண்டு. அந்தத் தைரியத்தால் வந்த செலவுக்கு என் நோட்டில் தனிப் பத்தி போட்டிருக்கிறேன். தலைப்பு 'தண்டம்'. இந்தப் பதிவில் பாதி அந்தப் பத்தியிலிருந்துதான் வருகிறது.

வருசத்துக்கு மூணு நாலு தடவை மலையேறுவது எங்கள் வழக்கம். வால்பாறை, கொல்லிமலை, தாளவாடிப் பக்கம். ஒரு சித்திரை மாசம் ரூம் கிடைக்காமல் குழந்தைகளோடு ராத்திரி பத்து மணிக்கு ஊர் திரும்பினோம். வீட்டுக்காரி சொன்னாள், "எங்க போனாலும் கூடவே வர்ற கட்டில் ஒண்ணு வேணுமுங்க." அவள் கேட்டது கட்டில்தான். அடுப்பு, பிரிட்ஜ், சோலார் எல்லாம் நானாக ஏற்றிக்கொண்டது.

வாங்கினது

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வகையை முதலிலேயே தள்ளிவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். இழுவையோடு ரிவர்ஸ் எடுப்பது டிராக்டர் டிரெய்லர் ஓட்டிப் பழகினவருக்கே வேர்க்கும். கம்பெனியில் கட்டி வரும் கேரவன் என் பட்ஜெட்டில் இல்லை. மிச்சம் டெம்போ டிராவலர் வேன்தான். பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பேர் மாறி இத்தனை வருசமாகியும் நம்ம ஊரில் அது டெம்போதான். 2.6 லிட்டர் டீசல் இன்ஜின், பூர்வீகம் மெர்சிடிஸ். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அதில் 3350 என்ற மாடல். அந்த எண் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். உள்ளே நான் நிமிர்ந்து நிற்கலாம். தம்பிக்குத் தலை இடிக்கும். அவனுக்காக வண்டி வாங்கவில்லை.

அஞ்சு வண்டி பார்த்தோம். பெயிண்ட் புதிதாக அடித்து, சீட் கவர் மாட்டி, உள்ளே ஊதுபத்தி வாசத்தோடு நின்ற வண்டிதான் முதலில் மனசுக்குப் பிடித்தது. பட்டறையிலிருந்து ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். ஓரமாக வைத்துக்கொண்டே போனால் தகரம் உள்ள இடத்தில் பிடிக்கும்; பட்டி பூசிய இடத்தில் நழுவும். அந்த வண்டியில் படிக்கட்டுக்குக் கீழேயும் பின் சக்கர வளைவிலும் காந்தம் ஒரு முழம் தூரம் நழுவிக்கொண்டே போனது. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தரை வழியே ரோடு தெரிந்தது.

கடைசியில் எடுத்தது பெருந்துறைப் பக்கம் ஒரு டிராவல்ஸ்காரரிடம். 2016 மாடல். சீட் கிழிந்து, டேஷ்போர்டில் மஞ்சள் குங்குமம் தடிப்பாகப் படிந்து, ரீடிங் 2,38,000 என்று வெட்கமில்லாமல் காட்டியது. குறைத்து வைக்காத மீட்டரைப் பார்த்ததில் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தோம். புகை குப்குப்பென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளே தேய்ந்துவிட்டது, இன்ஜின் பிரிக்க வேண்டும். லேசான ஆவிதான் வந்தது. சேசிஸ் நம்பர் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். அந்த வண்டியை ஆறு வருசம் ஓட்டின டிரைவர் ஓரமாக நின்றிருந்தார். அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டதுதான் உருப்படியான தகவல்: "மேட்டுல ரெண்டுல சும்மா இழுக்குமுங்க. மூணுக்குப் போட்டீங்கன்னா அழுவும். எறக்கத்துல பிரேக்க நம்பாதீங்க, கியர நம்புங்க." 6,40,000-க்கு முடிந்தது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே தலை வலிக்கிறது. லோன் எப்போதோ முடிந்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது கடன் இருக்கிறது என்ற குறிப்பு, நீக்காமல் இருந்தது. ஃபைனான்ஸிடம் படிவம் 35 வாங்கி அதை நீக்கி, 29, 30 படிவங்களில் பேர் மாற்றம். மஞ்சள் போர்டு வண்டி என்பதால் பர்மிட் ஒப்படைத்து, வரி பாக்கி பார்த்து, வெள்ளைக்கு மாற்றம். வண்டி எடுக்கும் முன் இருந்த நாலு இ-சலானும் என் தலையில். முதல் நாளே ஆன்லைனில் பார்த்திருக்க வேண்டும். தண்டம் கணக்கில் முதல் வரி அதுதான். வண்டியின் உடம்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டுவிட்டு ஆர்.சி.யில் அப்படியே விட்டால் விபத்து நாளில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகையே 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகனப் பட்டியலில் இருக்கிறது, போக்குவரத்து அல்லாத வண்டிகளின் வரிசையில். அந்த ஒரு வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜன்னல் ஜன்னலாக நின்றேன். நாலு மாசம். கார் லைசென்ஸே போதும், அது ஒன்றுதான் சுலபம்.

முதல் கட்டு, அதாவது தண்டம்

சீட்டெல்லாம் கழற்றி, முன் வரிசை பெல்ட் சீட் நாலை மட்டும் விட்டேன். காலி வண்டியைச் சங்ககிரியில் லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கி வைத்தேன். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சீட்டுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

மர வேலைக்கு எங்கள் வீட்டைக் கட்டின ஆசாரியையே கூப்பிட்டேன். பதினெட்டு எம்.எம். பிளைவுட், ஃபெவிகால், ஆணி, சன்மைக்கா. பத்து நாளில் அசல் மாடுலர் கிச்சன். இழுப்பறை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஒரு அத்தை உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு "வீடே தோத்துது போ" என்றார்.

ஏப்ரலில் வால்பாறை. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவிலும் நாற்பதில் எத்தனையாவது என்று போர்டு இருக்கும். நாலாவதில் ஒரு இழுப்பறை தானாகத் திறந்தது. அந்தச் சேனல் மூடும்போது மட்டுமில்லை, திறக்கும்போதும் சத்தமில்லாததுதான். ஏழாவதில் எதிர்ப்பக்க வளைவு, மூடிக்கொண்டது. ஒன்பதாவதில் அணையைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். நாங்களும் நிறுத்தினோம், ஆனால் அணையைப் பார்க்கவில்லை. மேல் அலமாரியின் கதவு ஒரு கீலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மறு கீலின் ஸ்க்ரூ நாலும் மரத்தூளோடு தரையில். தொட்டிக்கு அடியில் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பின் எல்போ ஒன்று ஒட்டின இடத்தில் விரிந்து, தண்ணீர் பவானி ஜமுக்காளத்தை நனைத்துக்கொண்டிருந்தது. நனைந்த ஜமுக்காளத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு என் அன்றைய நிலைமை தெரியும்.

திரும்பி வந்து மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். உள்ளே ஏறி, எதையும் திறக்காமல், அலமாரியைக் கையால் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"வீடு நிக்கறதுக்குக் கட்டறதப்பா. இது ஓடறதுக்கு. ஆணி அடிச்ச எடம், பசை ஊத்துன எடம், டேப்பு சுத்துன எடம், இந்த மூணும் வண்டில நிக்காது. எங்க சப்போர்ட் லாரில அரிசிப் பொட்டிக்குக்கூட போல்ட்டுத்தான்."

அப்புறம்தான் நாமக்கல் போனேன். லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறை. மேஸ்திரி வண்டியைச் சுற்றிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்ணா, நல்ல வேலைதானுங்க இது. ஆனா கல்யாண மண்டபத்து வேலை."

எடை மேடையில் ஏற்றினால் காலி வண்டியைவிட 520 கிலோ கூட. அதிலும் இடது பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து எடுத்தால் வலதைவிட 90 கிலோ அதிகம். சமையல் மேடை, பிரிட்ஜ், தண்ணி எல்லாம் ஒரே பக்கம். எல்லாவற்றையும் பிரித்தோம். அலுமினியச் சதுரப் பைப்பில் சட்டம், வண்டியின் சொந்த விலா எலும்புகளோடு போல்ட் போட்டு, குலுங்கினாலும் கழலாத நைலாக் நட். அதன் மேல் ஒன்பது எம்.எம். பிளைவுட், தண்ணி தாங்கும் 710 முத்திரை உள்ளது. இழுப்பறைகளுக்கு அழுத்தினால் பூட்டி, மறுபடி அழுத்தினால் எழும்பும் புஷ் லாக். உலோகமும் மரமும் தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டை. அது இல்லையென்றால் கீச்சுக் கீச்சென்று பத்து கிலோமீட்டரில் பைத்தியம் பிடிக்கும். மறுபடி மேடை: 370 கிலோதான் கூட, இடது வலது வித்தியாசம் இருபதுக்குள். நாற்பது வளைவிலும் இப்போது ஒரு இழுப்பறைகூடத் தானாகத் திறப்பதில்லை.

தகரக் கூண்டுக்கு வெயில் தாங்க ஏ.சி. டக்டில் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் பத்தொன்பது எம்.எம். சுவரிலும் கூரையிலும் ஒட்டினோம். ஆசாரி காலத்தில் தெர்மோகோல் அட்டை செருகியிருந்தேன். அது குலுங்கிக் குலுங்கி உருண்டை உருண்டையாக உதிர்ந்து, பிரித்தபோது பொரி மூட்டை அவிழ்த்த மாதிரி கொட்டியது. மெத்தை பொள்ளாச்சித் தென்னை நார் மெத்தை. ஃபோம் மெத்தையில் வெயில் நாள் படுத்தால் முதுகு வெந்துவிடும். ஜன்னலுக்குக் கரூர் கொசுவலை, விரிக்கச் சென்னிமலைப் போர்வை. இதற்கெல்லாம் வெளியூர் போகவே தேவையில்லை, கொங்கு நாட்டில் பிறந்ததற்கு அந்த ஒரு சௌகரியம்.

கரண்ட்

இதில்தான் அதிகம் கற்றேன், அதிகம் கொட்டினேன்.

பாட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 3.2 வோல்ட் செல் நாலு, 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் 1,280 வாட் ஹவர். எங்களுக்கு ஒரு நாள் செலவு: பிரிட்ஜ் 400, கரண்ட் கம்மியாக இழுக்கும் பன்னிரண்டு வோல்ட் பி.எல்.டி.சி. ஃபேன் ராத்திரி முழுக்க 220, லைட், போன் சார்ஜ், தண்ணி மோட்டார் எல்லாம் சேர்த்து 120. ஆக 740 சொச்சம். மேகம் மூடின நாள் ஒன்றைத் தாங்கும்.

சோலாருக்கு வீட்டு மாடியில் போடும் 335 வாட் பேனல் ஒன்று. ரெண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர், 22 கிலோ. கடையில் கூடவே, பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவில் வைக்க ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் கொடுத்தார்கள், எண்ணூறு ரூபாய். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் மீட்டரில் பார்த்தால் 8.5 ஆம்பியர்தான் போகிறது. 335 வாட் பேனலில் இருந்து 115 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பேனல் மோசம் என்று கடைக்காரரோடு சண்டைக்கே போனேன். தப்பு என் பேரில். 72 செல் பேனல் 38 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கமாக வேலை செய்கிறது. அந்த மலிவுக் கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகை; அது பேனலை நேராகப் பாட்டரியோடு கோத்துவிடும் ஒரு சுவிட்ச்தான். பாட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13-க்கு இறங்கும். ஆம்பியர் அதே ஒன்பது. மிச்ச வோல்ட்டெல்லாம் வீண். எம்.பி.பி.டி. வகையில் அந்த உபரி வோல்ட் ஆம்பியராக மாறி இறங்கும். மாற்றின அன்று அதே வெயிலில் 19 ஆம்பியர். எண்ணூறு ரூபாய் கன்ட்ரோலர் இப்போது மேஜை மேல் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

பிரிட்ஜ் கதை இன்னும் மோசம். கம்ப்ரசர் உள்ள நாற்பது லிட்டர் பெட்டி. வீட்டு வாசலில் நிற்கும்போது ஐஸ் கட்டியது. மலையில் ராத்திரி மூணு மணிக்கு கீங் கீங் என்று கத்தி நின்றுவிடும். திரையில் எஃப் ஒன் என்று வரும், வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். பாட்டரியில் பார்த்தால் 13.1, நல்ல ஆரோக்கியம். பிரிட்ஜுக்கு வாரண்டி கேட்கலாம் என்று பில்லைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போது மாமா சொன்ன மூணாவது வார்த்தை ஞாபகம் வந்தது. டேப்பு.

மல்டிமீட்டரைப் பாட்டரியில் வைத்தேன், 13.1. பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சாக்கெட்டில் வைத்தேன், 11.9. ஆறு மீட்டர் தூரத்தில் 1.2 வோல்ட் காணாமல் போகிறது. கணக்குப் போட்டேன். எலக்ட்ரீசியன் இழுத்திருந்தது 1.5 சதுர எம்.எம். வீட்டு ஒயர். போக வர பன்னிரண்டு மீட்டர், தாமிரத்தின் தடை ஒரு சதுர எம்.எம். ஒயரில் மீட்டருக்கு 0.0172 ஓம், ஆகமொத்தம் 0.138 ஓம். அஞ்சு ஆம்பியருக்கு 0.7 வோல்ட் ஒயரிலேயே போகும். மிச்சம் அரை வோல்ட்? சுவர்ப் பலகையைக் கழற்றினேன். நடுவில் ஒரு இணைப்பு. ஒயரை முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப் வெயிலில் பசை கசிந்து தேன் மாதிரி வழிந்திருந்தது. பிரித்தால் உள்ளே தாமிரம் கறுத்து, முறுக்கு தளர்ந்து, விரலால் இழுத்ததும் கையோடு வந்தது. ஓடும்போது அஞ்சு ஆம்பியர் என்றால் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதற்கு ரெட்டிப்பு இழுக்கும். அந்த நொடியில் சாக்கெட்டில் பதினொன்றுக்கும் கீழே விழுந்து பிரிட்ஜ் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. பாட்டரியும் நல்லது, பிரிட்ஜும் நல்லது. நடுவில் இருந்த ஒரு முறுக்குதான் கெட்டது. வீட்டில் அதே முறுக்கு முப்பது வருசம் சுவருக்குள் தூங்கும். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்குத் தெரியும்? பன்னிரண்டில் ஒன்று போவது வேறு.

ஆறு சதுர எம்.எம். மல்டி ஸ்ட்ராண்ட் ஒயரைப் பாட்டரியிலிருந்து நேராக, நடுவில் இணைப்பே இல்லாமல் இழுத்தேன். ரெண்டு முனையிலும் லக் வைத்துக் கிரிம்ப் அடித்து (உலோக மூக்கை ஒயரோடு நசுக்கி), மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ வைத்த கனெக்டர். இப்போது இழப்பு 0.2 வோல்ட். எஃப் ஒன்னைப் பார்த்து ஒன்பது மாசமாகிறது. கூடவே பாட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் பெரிய ஃப்யூஸ், ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பது ஒயரை. ஆகவே ஒயருக்குத் தகுந்த ஃப்யூஸ், சாமானுக்குத் தகுந்தது இல்லை.

இன்னொன்று. ஓடும்போதே லித்தியத்துக்கு சார்ஜ் ஏற வேண்டும் என்று டைனமோவிலிருந்து ரிலே வைத்து நேராகக் கொடுத்திருந்தோம். காலியான லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். தாளவாடி போகும்போது திம்பம் மேட்டில், இருபத்தேழு வளைவும் ரெண்டாம் கியரில் ஏறுகிறோம், பானெட்டிலிருந்து வார்னிஷ் கருகும் வாசம். நல்லவேளை, டைனமோவின் சுருள் எரியவில்லை. இருபது ஆம்பியருக்கு மேல் விடாத டி.சி. டு டி.சி. சார்ஜர் ஒன்றை நடுவில் வைத்தபின் அமைதி.

ஒழுகல்

முதல் ஐப்பசி மழை. கட்டிலின் தலைமாட்டில் சொட்டு. சரியாக வீட்டுக்காரி தலையணையில். அந்த இடத்துக்கு மேலே கூரையில் ஓட்டையே இல்லை. இருந்தும் அங்கேயே சிலிக்கான் பூசினேன். அடுத்த மழையில் என் தலையணைக்கு இடம் மாறியது. ஓட்டை ஒன்றும் நகரவில்லை. வண்டியை வேறு சாய்வில் நிறுத்தியிருந்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டு வீட்டுல ஒழுகுனா உங்கப்பன் சொட்டற எடத்துலயா கண்ணு தேடுவாரு? தண்ணி ஓட்டம் மேல எங்கிருந்து வருதுன்னு பாப்பாரு. போ, கோலமாவு எடுத்துட்டு வா."

உள் கூரைப் பலகைகளைக் கழற்றி, விலா இரும்புகளின் விளிம்பு முழுக்கக் கோலமாவை விரலால் பூசினோம். பிறகு நான் மேலே ஏறி, ஹோஸ் பைப்பைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு இடத்துக்கு அஞ்சு நிமிசம் வீதம் மெல்ல மேட்டுப் பக்கம் நகர்த்தினேன். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையிலும் ஒரே நேரத்தில் போய் ஒன்றும் புரியாது. உள்ளே மகள் டார்ச்சோடு. நாலாவது இடத்தில் கத்தினாள், "அப்பா, கோடு போட்டுருச்சு!" வெள்ளை மாவின் நடுவே ஈரக் கோடு ஒன்று விலா இரும்பு வழியே நாலு அடி ஓடித் தலைமாட்டில் முடிந்தது. தொடக்கம், சோலார் பேனலின் காலில்.

அதுவும் முதல் கட்டின் மிச்சம். பேனல் சட்டத்தைச் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் கூரைத் தகரத்தில் முடுக்கி, மேலே சிலிக்கான் அப்பியிருந்தோம். தகரம் ஒரு எம்.எம். கூட இல்லை, ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் ரெண்டு மரைதான். காற்று பேனலைத் தூக்கத் தூக்க, ஸ்க்ரூ அசைந்து ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிட்டது. ஒரு ஸ்க்ரூவை விரலாலேயே சுற்றி எடுத்தேன். 22 கிலோ கண்ணாடிப் பலகை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஸ்க்ரூவை நம்பி இத்தனை நாள் வந்திருக்கிறது. ஒழுகலைவிட அதுதான் அன்று தூக்கத்தைக் கெடுத்தது.

சிலிக்கானைச் சுரண்டி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதன் எச்சம் இருந்தால் மேலே எதுவும் ஒட்டாது. துருவைத் தேய்த்து பிரைமர். கூரைக்கு உள்பக்கம் மூணு எம்.எம். தகட்டுத் துண்டுகளை லேத்தில் நானே செய்து வைத்து, மேலிருந்து எட்டு எம்.எம். எஸ்.எஸ். போல்ட், நைலாக். கால்களுக்கு அடியில் ரப்பர் மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப், சுற்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட். அது காய்ந்தபின்னும் ரப்பர் மாதிரி இழுபடும். கூரையோடு சேர்ந்து அசையும். அதன் பிறகு ரெண்டு மழைக்காலம். தலையணை காய்ந்தே இருக்கிறது.

தண்ணி, அடுப்பு, மிச்சம்

தண்ணீருக்கு அறுபது லிட்டர் டேங்க். நிரப்பினால் அறுபது கிலோ. முதலில் பின் கதவோரம் வைத்திருந்தேன். வளைவில் வண்டியின் வால் ஒரு கணம் தாமதித்துத் திரும்புகிற மாதிரி ஒரு உணர்ச்சி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மாற்றியதும் போய்விட்டது. பம்புக்கு ஆன்லைனில் கேரவன் பம்ப் என்று பேர் போட்டு என்னென்னவோ விலை. தோட்டத்தில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பாட்டரி ஸ்பிரேயர் இருக்கிறதே, அதற்குள் இருப்பதும் பன்னிரண்டு வோல்ட் டயாஃப்ரம் பம்ப்தான், குழாயை மூடினால் தானே நிற்கும் பிரஷர் சுவிட்சோடு. உதிரிபாகக் கடையில் புதிதாக வாங்கிப் போட்டேன். பழைய ஸ்பிரேயரிலிருந்து கழற்றின பம்பைப் போடவே கூடாது, மருந்து படிந்திருக்கும். சி.பி.வி.சி. பைப்பெல்லாம் போய், இழை பின்னிய ரப்பர் ஹோஸும் எஸ்.எஸ். கிளிப்பும். குடிக்கிற தண்ணீர் தனி, கேனில்.

கேஸ் அஞ்சு கிலோ சிலிண்டர், வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனிப் பெட்டியில். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே பெட்டியின் அடித்தட்டில் ரெண்டு அங்குல ஓட்டை, அதற்கு எலி ஏறாமல் வலை. தூங்கும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்ப்பது என் வேலை, மூணாவது தடவை பார்ப்பது வீட்டுக்காரியின் வேலை. கழிப்பறைக்கு இருக்கையும் கீழ்த்தொட்டியும் பிரியும் போர்ட்டபிள் பெட்டி. அதைக் கொட்ட நம்ம பக்கம் தனி வசதி ஏதும் இல்லை, வீட்டுக்கு வந்துதான். ஆகவே அது ராத்திரி அவசரத்துக்கு மட்டும், மற்ற நேரம் பெட்ரோல் பங்க்.

படுக்கிற இடம் இன்னும் ஊர்ப் பழக்கப்படிதான்: தெரிந்தவர் தோட்டம், கோயில் மைதானம் என்றால் பூசாரியிடம் ஒரு வார்த்தை, இல்லையென்றால் லாரிகள் நிற்கும் பங்க். காட்டுக்குள் நிறுத்திப் படுக்க அனுமதி இல்லை, நாங்களும் முயன்றதில்லை.

நோட்டின் கணக்கு: வண்டி 6,40,000. காகிதம், வரி, இன்சூரன்ஸ் 58,000. டயர், கிளட்ச், ஸ்பிரிங் பட்டைப் புஷ், பிரேக் முழுசும் 74,000. பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், ரெண்டு வருசத்துக்கு ஒரு முறை மாற்றாமல் மலையிறங்க மாட்டேன். பாடியும் மரமும் 1,92,000. கரண்ட் 1,36,000. தண்ணியும் அடுப்பும் 41,000. தண்டம் 52,000. கூட்டினால் 11,93,000. தண்டத்தைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி, வீட்டுக்காரி சேர்த்துவிட்டாள்.

போன மாசத்திலிருந்து ஒரு சத்தம். சங்ககிரி ரோட்டில் அறுபதைத் தாண்டினால் கிணி கிணி. டம்ளர், கரண்டி எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன், நிற்கவில்லை. ஷாக் அப்சார்பர், சைலன்சர் கிளாம்ப், ஜாக்கி எல்லாம் ஆட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் மாமா பின்னால் ஏறிக்கொண்டார். தோட்டத்து வண்டித்தடத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லி, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கூரைப் பலகையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து கேட்டார். பேனலின் மூணாவது காலுக்குக் கீழே நின்றார்.

"எத்தன நட்டு வாங்குனே?"

"பன்னண்டு போல்ட்டுக்கு பதிமூணு நட்டுங்க மாமா. ஒண்ணு எச்சா."

"அந்த எச்சா நட்டு எங்க?"

பட்டறையில் தேடினேன், இல்லை. பலகைக்கும் ஃபோமுக்கும் நடுவில் உருண்டுகொண்டிருக்கிறது. கூரையைப் பிரித்தால் எடுக்கலாம். ஐப்பசி முடியட்டும் என்று விட்டிருக்கிறேன்.